புற்றுநோயின் ஆணைப் புரதங்கள்

1957ஆம் ஆண்டு உகாண்டாவின் கம்பாலா நகரில், முலாகோ மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த டெனிஸ் பர்க்கிட்டிடம் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனைக் காட்டினார்கள். மேல்தாடையும் கீழ்த்தாடையும் இருபுறமும் வீங்கி முகமே உருமாறியிருந்தது. பற்கள் ஆடின. தாடையின் நான்கு மூலைகளிலும் ஒரே சமயத்தில் கட்டி எழும்பும் நோயை அவர் அதுவரை கண்டதில்லை. சில வாரங்களில் ஜிஞ்சா என்ற ஊரின் மருத்துவமனையில் அதே போன்ற முகத்தோடு இன்னொரு குழந்தையைப் பார்த்தார். அன்று தொடங்கிய தேடல் அவரை ஆண்டுக்கணக்கில் அலைய வைத்தது. 1961இல் மருத்துவ நண்பர்கள் இருவருடன் பழைய கார் ஒன்றில் ஏறத்தாழ 16,000 கி.மீ. சுற்றி, கிழக்கு ஆப்பிரிக்காவிலும் தெற்கிலும் ஊர் ஊராக மருத்துவமனைகளில் விசாரித்தார். இந்தக் கட்டி எங்கே வருகிறது, எங்கே வருவதில்லை என்று வரைபடம் போட்டார். வெப்பமும் மழையும் மிகுந்த, மலேரியா நிலைகொண்ட நிலப்பரப்புதான் இதற்கும் இருப்பிடம் என்று தெரிந்தது. இன்று இதற்குப் பர்க்கிட் நிணநீர்ப் புற்று என்று பெயர். மனிதருக்கு வரும் கட்டிகளில் மிக வேகமாக வளர்வது இதுதான். ஓரிரு நாட்களில் இருமடங்காகிவிடும்.

ஏன் இவ்வளவு வேகம்? விடை கிடைக்க 1982 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தக் கட்டியின் செல்களில் 8ஆவது குரோமோசோமின் ஒரு துண்டும் 14ஆவது குரோமோசோமின் ஒரு துண்டும் முறிந்து இடம் மாறி ஒட்டியிருந்தன. 8ஆவது குரோமோசோமில் முறிவு நடந்த இடத்தில் இருந்த மரபணுவின் பெயர் மிக். அது போய் ஒட்டிய இடமோ, நோயெதிர்ப்புச் செல்கள் எதிர்ப்பொருள் தயாரிக்கப் பயன்படுத்தும் மரபணுவின் பக்கம். எதிர்ப்பொருள் தயாரிப்பது, இந்தக் கட்டி எழும் பி வகைச் செல்களின் முழுநேர வேலை. ஆகவே அந்த மரபணுவை இயக்கும் டி.என்.ஏ. பகுதி அங்கே ஓயாமல் விழிப்போடு இருக்கும். தனக்குரிய மீட்டரில் அளவோடு மின்சாரம் பெற்றுவந்த வீடு, தெருவில் போகும் பெரிய மின்கம்பியில் கொக்கி போட்டு இழுத்தால் எப்படியிருக்கும்? மிக் மரபணுவுக்கு நடந்தது அதுதான். பல நோயாளிகளிடம் அந்த மரபணு உருவாக்கும் புரதத்தில் பெரிய பழுது ஒன்றுமில்லை. எப்போது அடங்க வேண்டும் என்பது மட்டும் அதற்கு மறந்துபோயிற்று.

மிக் புரதம் ஒரு படியெடுப்புக் காரணி. புற்றுநோயைப் புரிந்துகொள்ள நினைப்பவர் முதலில் அறிய வேண்டியது இந்தப் புரதக் குடும்பத்தைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

கண்ணின் செல்லுக்கும் கல்லீரல் செல்லுக்கும் உள்ளே இருக்கும் டி.என்.ஏ. ஒன்றே. இரண்டிலும் புரதம் செய்வதற்கான மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 இருக்கின்றன. அவற்றில் எதை, எப்போது, எந்த அளவுக்குப் படியெடுப்பது என்பதில்தான் வேறுபாடு. படியெடுத்த ஆர்.என்.ஏ.யை வைத்தே செல் புரதம் தயாரிக்கிறது. படியெடுக்காத மரபணு இருந்தும் இல்லாததுபோல. அந்த முடிவை எடுப்பவை படியெடுப்புக் காரணிகள். இவையும் புரதங்கள்தாம். டி.என்.ஏ.யின் குறிப்பிட்ட எழுத்து வரிசையைக் கண்டுகொண்டு அதன்மேல் உட்காரும். பக்கத்திலோ வெகு தொலைவிலோ உள்ள மரபணுவுக்குப் படியெடுக்கும் நொதியை வரவழைக்கும், அல்லது வரவிடாமல் தடுக்கும். மனித உடலில் இப்படிப்பட்ட புரதங்கள் ஏறத்தாழ 1,600 உண்டு. மிக் தன் துணைப் புரதமான மேக்ஸுடன் கைகோத்து, சி-ஏ-சி-ஜி-டி-ஜி என்ற ஆறெழுத்து வரிசையைத் தேடிப் போய் அமரும். அந்த வரிசை மரபணுத் தொகுதி முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. ஆகவே மிக் ஒன்று மிகுந்தால் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் போக்கு மாறும். ரைபோசோம்கள் பெருகும், சர்க்கரையும் அமினோ அமிலங்களும் செல்லுக்குள் அதிகம் இழுக்கப்படும், செல் பிளவு முடுக்கப்படும். வளர்வதற்குத் தேவையான எல்லாமே ஒரே ஆணையில் வந்து சேர்ந்துவிடுகின்றன. நலமான செல்லில் மிக் புரதம் உருவான அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிடும் என்பதை நினைத்துப் பார்த்தால், இயற்கை இதை எவ்வளவு எச்சரிக்கையோடு கையாள்கிறது என்று புரியும்.

புற்றுநோய் மரபணுக் கேட்டால் வருவது என்று பள்ளியில் படிக்கிறோம். அது சரிதான், ஆனால் பாதி. புற்றுச் செல் புதிதாக எதையும் கற்றுக்கொள்வது அரிது. பிளவுபடுவது, இடம்பெயர்வது, ரத்தக் குழாயை வரவழைப்பது, சாவைத் தள்ளிப்போடுவது ஆகிய எல்லாமே கருவில் இருந்த காலத்திலோ காயம் ஆறும்போதோ நம் செல்கள் முறையாகச் செய்யும் வேலைகள். அவற்றுக்கான மரபணுக்கள் ஒவ்வொரு செல்லிலும் உறங்கிக்கொண்டிருக்கின்றன. தவறான செல்லில், தவறான நேரத்தில் அவற்றை எழுப்பும் ஆணைதான் நோய்.

ஆணை மிகுவதால் வரும் கேடு மிக். ஆணை இல்லாமற்போவதால் வரும் கேட்டுக்குப் பி53 என்ற புரதத்தைவிடச் சிறந்த சான்று கிடையாது. 1979இல் லண்டன், பிரின்ஸ்டன் முதலிய இடங்களில் தனித்தனியாக ஆய்வு செய்த குழுக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இதைக் கண்டுபிடித்தன. குரங்கு வைரஸ் ஒன்று புற்றாக்கிய செல்களில் இது குவிந்து கிடந்தது. எனவே புற்றை வளர்க்கும் புரதம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அதன் மரபணுவைப் பிரித்தெடுத்துச் செல்களில் செலுத்திப் பார்த்தபோது செல்கள் புற்றாக மாறவும் செய்தன. பத்தாண்டுகள் அப்படியே கடந்தன. பிறகுதான் தெரிந்தது, ஆய்வகங்கள் கையாண்ட மரபணுவே பிறழ்ந்த பிரதி! 1989இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்ட் வோகல்ஸ்டீன் குழு, பெருங்குடல் புற்றுகளில் இந்த மரபணுவின் ஒரு பிரதி காணாமற்போயும் மற்றது பழுதாகியும் இருப்பதைக் காட்டியது. அதே ஆண்டு பிரின்ஸ்டனில் ஆர்னால்ட் லெவின் குழு, பழுதில்லாத பி53ஐச் செலுத்தினால் செல்கள் புற்றாக மாறுவது தடுக்கப்படுவதைக் காட்டியது. வளர்ப்பதாக நம்பப்பட்டது தடுப்பதாக நிலைநாட்டப்பட்டது. அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்பதற்கு உயிரியலில் இதற்கு நிகரான கதை குறைவு.

பி53 வேலை செய்யும் விதம் இதுதான். சாதாரண நாளில் எம்.டி.எம்.2 என்ற புரதம் அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். டி.என்.ஏ. அறுந்தாலோ சேதமுற்றாலோ அந்தப் பிடி தளரும், பி53 பெருகும், நான்கு மூலக்கூறுகள் ஒன்றுசேர்ந்து டி.என்.ஏ.யில் அமரும். செல் பிளவை நிறுத்தும் பி21 போன்ற மரபணுக்களை எழுப்பிச் சேதத்தைச் சரிசெய்ய நேரம் வாங்கித் தரும். சேதம் மீறிப்போனால் செல்லைத் தற்கொலை செய்துகொள்ளச் சொல்லும் மரபணுக்களை எழுப்பும். நால்வர் கூட்டணி என்பதால் ஒரு தொல்லை உண்டு. இரண்டு மரபணுப் பிரதிகளில் ஒன்று பழுதானாலே, அது தரும் கெட்ட புரதம் நல்லவற்றோடு கலந்து பெரும்பாலான கூட்டணிகளைக் கெடுத்துவிடும். மனிதப் புற்றுகளில் ஏறத்தாழ பாதியில் பி53 மரபணு பிறழ்ந்திருக்கிறது. யானைக்கு இந்த மரபணு 20 பிரதிகள் இருப்பதாக 2015இல் தெரியவந்தது. அவ்வளவு பெரிய உடலும் நீண்ட ஆயுளும் இருந்தும் யானைக்குப் புற்றுநோய் அரிதாகவே வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

பி53 பழுதாகும் இடங்களைப் பார்த்தால், பழுதாக்கியது எது என்பதைக்கூடப் பல வேளைகளில் சொல்லிவிடலாம். தோல் புற்றில் அடுத்தடுத்துள்ள இரண்டு சி எழுத்துகள் இரண்டு டி எழுத்துகளாக மாறியிருந்தால் அது வெயிலின் புற ஊதாக் கதிர் விட்ட தடம். 1996இல் கெர்ட் ஃபைஃபர் குழு, புகையிலைப் புகையில் உள்ள பென்சோபைரீன் என்ற வேதிப்பொருள் பி53 மரபணுவில் எங்கெங்கே ஒட்டுகிறது என்று பார்த்தது. நுரையீரல் புற்றில் அடிக்கடி பிறழும் 157, 248, 273ஆவது இடங்களிலேயே அது குறிவைத்து ஒட்டியது. புகை பிடிப்பவருக்குப் புற்றுநோய் கூடுதல் என்ற புள்ளிவிவரத்தை மறுத்து வாதாடலாம் என்று நினைத்தவர்களுக்கு அது மூலக்கூறு அளவில் கிடைத்த பதில். சீனாவின் சிடோங் பகுதியிலும் தென் ஆப்பிரிக்கப் பகுதிகளிலும் கல்லீரல் புற்று நோயாளிகளிடம் 249ஆவது இடத்தில் ஒரே மாதிரிப் பிறழ்வு திரும்பத் திரும்பக் கிடைப்பது 1991இல் தெரிந்தது. அவர்கள் உண்ட சோளத்திலும் கடலையிலும் வளர்ந்த பூஞ்சையின் அஃப்ளாடாக்சின் நஞ்சுதான் அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது.

கருப்பைவாய்ப் புற்றில் பி53 மரபணு பெரும்பாலும் பழுதாகாமலே இருக்கும். அங்கே வேலையைக் கெடுப்பது ஹெச்.பி.வி. வைரஸ். அதன் ஈ6 புரதம் பி53ஐப் பிடித்துச் செல்லின் புரத அழிப்புக் கூடத்துக்கு அனுப்பிவிடுகிறது. ஈ7 புரதமோ ஆர்.பி. என்ற தடுப்புப் புரதத்தை முடக்கி, அது கட்டிவைத்திருந்த ஈ2எஃப் என்ற படியெடுப்புக் காரணியை அவிழ்த்துவிடுகிறது. இது பிளவை முடுக்கும் காரணி. 1951 முதல் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்ந்துவரும் ஹீலா செல்கள் இப்படி ஹெச்.பி.வி.யால் உருவான கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்தவை. 2000ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் அந்தச் செல்களில் ஈ6, ஈ7 இரண்டையும் அடக்கிப் பார்த்தார்கள். அரை நூற்றாண்டுக் காலம் ஓயாமல் பெருகிவந்த செல் பரம்பரையில் பி53 மீண்டும் தலைதூக்கியது. செல்கள் பிளவை நிறுத்தி முதுமையடைந்தன. கட்டுப்பாடு அழிந்துவிடவில்லை, வைரஸின் காலடியில் அத்தனை காலம் கிடந்திருக்கிறது. இந்த ஒரு சோதனையை நான் பலமுறை நினைத்து வியந்திருக்கிறேன்.

இனி பரவலைப் பார்ப்போம். புற்றுநோயால் இறப்பவர்களில் பெரும்பாலானோர் முதலில் தோன்றிய கட்டியால் இறப்பதில்லை. அது நுரையீரல், எலும்பு, மூளை என்று வேறிடங்களில் குடியேறுவதாலேயே இறக்கிறார்கள். மார்பகம், குடல் போன்ற உறுப்புகளின் மேற்படலச் செல்கள் இயல்பில் நகராதவை. ஈ-காட்ஹெரின் என்ற புரதத்தால் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து வரிசையாக நிற்பவை. அப்படிப்பட்ட செல் எப்படிப் பிய்த்துக்கொண்டு ஊர் விட்டு ஊர் போகிறது?

பதில் பழப்பூச்சியின் கருவிலிருந்து வந்தது. கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் பூச்சிக் கரு எப்படி உருவெடுக்கிறது என்று அறிய, பிறழ்ந்த பூச்சிகளை ஆயிரக்கணக்கில் ஆராய்ந்தார்கள். அவர்களுக்கு 1995இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் பட்டியலில் இருந்த இரு மரபணுக்கள் ஸ்னெயில், ட்விஸ்ட். இரண்டும் படியெடுப்புக் காரணிகளை உருவாக்குபவை. கருவின் ஒரு பகுதிச் செல்கள் வரிசையிலிருந்து விலகி உள்ளே போய்த் தசை முதலியவற்றை உருவாக்க இவை வேண்டும். நம் கருவிலும் இதே வகைப் புரதங்கள் செல்களை இடம்பெயரச் செய்கின்றன. பிறந்த பின் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன.

2000ஆம் ஆண்டு ஸ்பெயினில் இரண்டு குழுக்கள், ஸ்னெயில் நேரடியாக ஈ-காட்ஹெரின் மரபணுவின் மேல் அமர்ந்து அதைப் படியெடுக்க விடாமல் செய்வதைக் காட்டின. பிணைப்புப் புரதம் இல்லாமற்போனால் செல் வரிசையிலிருந்து கழன்றுவிடுகிறது. 2004இல் ராபர்ட் வைன்பர்க்கின் ஆய்வகத்தில் ஜிங் யாங் செய்த சோதனை இன்னும் தெளிவானது. நுரையீரலுக்குப் பரவும் தன்மையுள்ள எலி மார்பகப் புற்றுச் செல்களில் ட்விஸ்ட் மிகுந்திருந்தது. அதை அடக்கிவிட்டு எலிகளில் செலுத்தியபோது மார்பகத்தில் கட்டி வழக்கம்போலவே வளர்ந்தது. நுரையீரலுக்குப் பரவுவது மட்டும் வெகுவாகக் குறைந்தது. கட்டியாக வளர்வதற்கும் பரவுவதற்கும் வேறு வேறு ஆணைகள் உண்டு என்பதை அது காட்டியது.

ஆனால் கதை ஒருவழிப் பாதையில் போகவில்லை. ட்விஸ்ட்டை நிறுத்தாமல் இயக்கிக்கொண்டே இருந்தால், இடம்பெயர்ந்த செல்கள் சென்ற இடத்தில் கட்டியாக வளர முடியாமல் தவிப்பதை 2012இல் ஜிங் யாங்கின் குழுவே கண்டது. பயணத்துக்கு ஓர் ஆணை, குடியேற அந்த ஆணையின் ஓய்வு. செல் வரிசையிலிருந்து கழன்று இடம்பெயரும் இந்த உருமாற்றம் எல்லாப் பரவலுக்கும் கட்டாயமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. 2015இல் வெளியான எலி ஆய்வுகள் சில, இது இல்லாமலும் பரவல் நடக்கலாம், மருந்துக்கு மசியாத தன்மைக்கே இது அதிகம் உதவுகிறது என்று வாதிட்டன.

இவ்வளவு தெரிந்த பிறகு, இந்தப் புரதங்களை மருந்தால் அடக்கினால் போதுமே என்று தோன்றும். நீண்ட காலம் அது நடக்காத காரியம் என்றே மருந்தியலார் பலர் சொல்லிவந்தார்கள். மருந்து மூலக்கூறு போய் உட்கார, புரதத்தின் மேல் ஒரு குழி வேண்டும். நொதிகளுக்கு அது உண்டு. மிக் போன்றவையோ தனியே இருக்கையில் நிலையான வடிவமே இல்லாமல் நெளிந்துகொண்டிருப்பவை. எனினும் “மருந்துக்கு எட்டாதவை” என்ற முத்திரையை இந்தக் குடும்பம் முழுவதற்கும் குத்தியது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஒரு படியெடுப்புக் காரணிதான். ஹார்மோன் வந்து அமரும் குழி அதற்கு இயல்பிலேயே உண்டு. அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும் டமாக்சிஃபென் 1970களிலிருந்து மார்பகப் புற்று நோயாளிகளின் உயிரைக் காத்து வருகிறது.

அதைவிடப் பெரிய வெற்றி ஏ.பி.எல். எனப்படும் ஒரு வகை ரத்தப் புற்றுநோயில் கிடைத்தது. ரத்தம் உறையாமல் கசிந்து, சில நாட்களில் நோயாளியைக் கொன்றுவிடும் நோய் அது. 15, 17ஆவது குரோமோசோம்கள் இடம் மாறி ஒட்டுவதால், வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் அமிலத்துக்குக் கட்டுப்பட்ட ஒரு படியெடுப்புக் காரணி, பி.எம்.எல். என்ற வேறொரு புரதத்தோடு இணைந்து பிறக்கிறது. அந்தக் கலப்புப் புரதம், வெள்ளணுக்கள் முதிர்வதற்கான மரபணுக்களின் மேல் அமர்ந்துகொண்டு எழவிடாது. முதிராத செல்கள் எலும்பு மஜ்ஜையில் குவியும். ஷாங்காய் நகரின் ருய்ஜின் மருத்துவமனையைச் சேர்ந்த வாங் சென்யி 1985இல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு அந்த வைட்டமின் அமிலத்தையே மிகுந்த அளவில் கொடுத்தார். சிறுமி பிழைத்தாள். 1988இல் அவர் குழு வெளியிட்ட 24 நோயாளிகளில் 23 பேருக்கு அந்த மருந்து ஒன்றாலேயே நோய் அடங்கியிருந்தது. இங்கே மருந்து புற்றுச் செல்லைச் சுட்டெரிப்பதில்லை. அமிலம் வந்து அமர்ந்ததும் காரணி தன் பிடியை விடுகிறது. செல் முதிர்ந்து, தன் வாழ்நாள் முடித்து இயல்பாக மடிகிறது.

இரண்டாவது மருந்து ஆர்செனிக் ட்ரை ஆக்சைடு. நம் ஊரில் வெள்ளைப் பாஷாணம் என்று அறியப்படுவது. வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள் 1970களில் இதைக் கையிலெடுத்தார்கள். இது கலப்புப் புரதத்தின் பி.எம்.எல். பாதியோடு ஒட்டி, அந்தப் புரதத்தையே அழிவுக்கு அனுப்பிவிடுகிறது. இதில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சிறப்பான பங்கு உண்டு. விக்ரம் மாத்யூஸ், மேமன் சாண்டி உள்ளிட்ட மருத்துவர்கள் 1998 முதல் 2004 வரை, புதிதாக நோய் கண்டறியப்பட்ட 72 பேருக்கு ஆர்செனிக்கை முதன்மை மருந்தாகத் தந்து சிகிச்சை செய்தார்கள். 86 சதவீதத்தினருக்கு நோய் முழுமையாக அடங்கியது. மூன்றாண்டுக் கணக்கிலும் ஏறத்தாழ அதே அளவினர் உயிரோடு இருந்தார்கள். 2006இல் வெளியான அந்த ஆய்வு, செலவு மிகுந்த கீமோதெரபியைத் தாங்க முடியாத குடும்பங்களுக்கு இந்நோய் மரண தண்டனையாக இருக்க வேண்டியதில்லை என்று காட்டியது. 2013இல் இத்தாலியின் லோ-கோக்கோ குழு இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்து, கடும் அபாய நிலையில் இல்லாத நோயாளிகளில் 97 சதவீதத்தினர் இரண்டாண்டுகள் நோய் திரும்பாமலும் உயிரிழப்பின்றியும் இருப்பதைக் காட்டியது. ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: ஆர்செனிக் இங்கே இதயத் துடிப்பைக் கண்காணித்துக்கொண்டே சிரை வழியாக அளந்து செலுத்தும் மருந்து. பாஷாணத்தை வேறு யார், எந்தப் பெயரில் கொடுத்தாலும் அது நஞ்சுதான்.

அதன்பின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. ஆக்சிஜன் குறையும்போது ரத்தக் குழாய்களை வரவழைக்கும் ஹிஃப்-2 என்ற காரணியில் ஒரு சிறு குழியைக் கண்டுபிடித்ததன் பயனாக வந்த பெல்சுடிஃபன், 2021இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயில் பல காலமாகப் பயன்பட்டுவந்த லெனலிடமைட், இகாரோஸ் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு படியெடுப்புக் காரணிகளை அழிவுக்கு அனுப்பியே வேலை செய்கிறது என்பது 2014இல்தான் தெரிந்தது. மிக் புரதத்தையும் விட்டுவைக்கவில்லை. லாரா சூசெக் மாணவியாக இருந்தபோது வடிவமைத்த ஓமோமிக் என்ற சிறு புரதம், மிக் அமரும் இடங்களை அதற்குக் கிடைக்காமல் செய்கிறது. அதை மனிதருக்குக் கொடுத்துப் பார்த்த முதல் கட்டச் சோதனை 22 நோயாளிகளிடம் நடந்து, 2024இல் முடிவு வெளியானது. மருந்தைத் தாங்க முடிந்தது. சிலருக்கு நோய் மேலும் வளராமல் நின்றது. பெரிய வெற்றி என்று கொண்டாட இன்னும் காலம் வரவில்லை. ஆனால் எட்டாதது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பழுதான பி53ஐச் செப்பனிடும் மருந்து மட்டும் இன்னும் வழக்கமான சிகிச்சைக்கு வந்து சேரவில்லை. அதனால் அது பழுதாகாமல் காப்பதில் நம் கையில் உள்ளதைச் செய்வோம். பூஞ்சை பிடித்த கடலையையும் சோளத்தையும் வறுத்தால் சரியாகிவிடும் என்று எண்ணாதீர்கள். அஃப்ளாடாக்சின் அந்தச் சூட்டுக்கு முழுவதும் அழிவதில்லை, எறிந்துவிடுங்கள். புகைப்பவர் வீட்டில் இருந்தால் இன்றே பேசுங்கள். 9 முதல் 14 வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால் ஹெச்.பி.வி. தடுப்பூசியைப் பற்றி மருத்துவரிடம் கேட்டு, தள்ளிப்போடாமல் போட்டுவிடுங்கள்.